ஆறு மாத விசாவும் ஒரு பாய்மரப் படகும்

“…கரைக்குன்னா கரைக்கு, கிழக்கன்னா கிழக்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. பாய்க்கயித்தப் புடிச்சுக்கிட்டு நான் எவ்வளவு நேரம் நிக்கிறது? காத்து என்ன நம்ம வீட்டு வேலையாளா, கொஞ்சம் இருன்னா இருக்க?” என்றாள் என் மனைவி.

அவள் படகின் மேல் நின்றிருந்தாள். நான் இடுப்பளவு கடல் தண்ணீரில், படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வடக்கே அதிராம்பட்டினம் கரை. அங்கே பஸ் ஏறினால் தஞ்சாவூர், பிறகு திருச்சி ஏர்போர்ட், அன்று ராத்திரி விமானம், விடிந்தால் ஷார்ஜா. ஏழு வருஷமாக நான் பார்த்த வேலை அங்கேதான் இருந்தது. அந்த ஊர் விசாவுக்கு ஒரு குணம் உண்டு: ஆறு மாதம் சேர்ந்தாற்போல் வெளியே இருந்தால் அது செத்துப்போகும். எனக்கு ஆறு மாதம் முடிய இரண்டு நாள் பாக்கி. கிழக்கே கோடியக்கரை வரைக்கும் தண்ணீர்தான். அந்தப் பக்கம் போனால் விசா போச்சு, வேலை போச்சு. ஆனால் வீடும் குடும்பமும் காலடியிலேயே இருக்கும்.

இப்படிக் கடலில் நின்று யோசிக்கிற நிலைமைக்கு ஒரு நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை எப்படி வந்து சேர்ந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. மிச்சப் படிப்பெல்லாம் டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்ததுதான். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்கள் வந்தன. குறுவை போயிற்று, சம்பா இழுபறி ஆயிற்று. ஊரில் வயசுப் பையன்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். சவுதி என்றார்கள், சிங்கப்பூர் என்றார்கள். நான் ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் போய் விழுந்தேன். முதலில் எடுபிடி, அப்புறம் ஃபைபர் வேலை கற்றுக்கொண்டேன். கண்ணாடி நார்த் துணியை விரித்து, பிசின் தடவி, மறுபடி துணி, மறுபடி பிசின். உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் உடைந்து வந்த படகு ஒட்டு தெரியாமல் திரும்பிப் போகும்போது வருகிற கர்வம் இருக்கிறதே, அது அறுவடை நாளின் கர்வத்துக்குக் குறைந்ததல்ல.

பட்டறை மேஸ்திரி பிலிப்பைன்ஸ்காரர். சரிபார்க்கிற சாக்கில் வெள்ளிக்கிழமைதோறும் பாய்மரப் படகில் என்னையும் ஏற்றிக்கொள்வார். எங்கள் இருவருக்கும் பொதுவான மொழி என்று பார்த்தால் முப்பது வார்த்தை தேறாது. அந்த முப்பது வார்த்தையில் பாய் ஏற்றவும் சுக்கான் பிடிக்கவும் காற்றைக் கன்னத்தால் அறியவும் சொல்லிக் கொடுத்துவிட்டார். எஞ்சின் சத்தமில்லாமல் படகு சாய்ந்துகொண்டு ஓடும்போது முதல் நினைப்பு மனைவியைப் பற்றித்தான் வந்தது. இதை அவள் பார்க்க வேண்டும் என்று.

அவள் திருவையாற்றுப் பக்கத்துப் பெண். தையல் மிஷின் வைத்திருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. லீவில் வந்து சேர்ந்திருந்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு சம்பா பயிரின் வயசு வராது. ஒருமுறை போனில் சொன்னாள்: “உங்க குரல்தான் எனக்குத் தெரியுது. மூஞ்சி அப்பப்ப மறந்து போகுது. ஆல்பத்தை எடுத்துப் பாத்துக்கறேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதற்கடுத்த லீவுக்கு, சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் ஒன்றாக்கிக்கொண்டு, ஐப்பசி மழையில் ஊர் வந்து இறங்கினேன். அம்மா என் பெட்டியைத் திறந்தாள். சென்ட் பாட்டில், கம்பளி, பால்பவுடர் டின் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் அவள் ஏற்கெனவே பங்கு பிரித்து வைத்திருந்தாள். பெட்டிக்குள் இருந்ததோ, மடித்து மடித்து அமுக்கிய ஒரு கிழிந்த வெள்ளைத் துணி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கூடம் நிறைந்து, வாசல் வரைக்கும் போயிற்று.

“என்னடா இது, சர்க்கஸ் கூடாரமா?” என்றாள் அம்மா.

“படகுப் பாயிம்மா.”

“படகு எங்க?”

“அது லாரில வருது.”

வந்தது. பாண்டிச்சேரியில் ஒரு கொட்டகையில் பாய்மரம் ஒடிந்து, வயிறு கிழிந்து பல வருஷமாகக் கிடந்து, நான் மலிவாக வாங்கிய படகு. இருபத்திரண்டு அடி. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். நெல் ஏற்றுகிற லாரியில் கட்டிக்கொண்டு வந்து எங்கள் களத்தில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஊரே வந்து சுற்றி நின்றது. அன்றைக்குக் கேட்ட பேச்சையெல்லாம் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

“ஆத்துல தண்ணி வர வழியக் காணோம், கப்பல் வந்துருச்சு. எலெக்சன் வருதோ?”

“சும்மா இருய்யா. மழை பேயுற வேகத்துக்கு வெள்ளம் வந்தா நம்மளையும் ஏத்திக்குவான்.”

“ஃபாரின் போனவன் புத்தி பேதலிச்சு வருவான்னு கேள்விப்பட்டிருக்கேன். புத்தியை லாரில ஏத்திக்கிட்டு வந்தது இவன்தான்.”

அம்மா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “டிராக்டர் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்டா! இதைக் கொண்டு போயி எந்த வயலை உழுவ?”

என் மனைவி படகை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பானை வாங்குகிறவள் மாதிரி விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். உள்ளே தலையை விட்டாள். வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “அடுப்பு எங்க வைப்பீங்க?”

எனக்கு அந்த மழையிலும் வியர்த்தது. வருகிறாள்! இவள் வருகிறாள்!

கார்த்திகையும் மார்கழியும் களத்திலேயே போயிற்று. படகுக்கு மேல் தார்ப்பாய் கட்டி, கிழிந்த வயிற்றையும் ஒடிந்த மரத்தையும் ஒட்டினேன். ஷார்ஜாவில் மூன்று நாளில் காய்கிற பிசின் எங்கள் ஈரத்தில் ஒரு வாரம் பிசுபிசுத்தது. பாயின் கிழிசலை அவள் தைத்தாள். மிஷின் ஊசி இரண்டு முறை ஒடிந்தது. மூன்றாவது தடவை, நெல் மூட்டை தைக்கிற கோணி ஊசியை எடுத்துக்கொண்டு கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். அம்மா வேறு விரட்டிக்கொண்டே இருந்தாள்: “தை பொறந்தா எனக்குக் களம் வேணும். அறுப்பு அறுத்து உன் கப்பல் மேல போட்டு அடிக்கவா?”

கிளம்புகிற அன்று பங்குச் சாமியாரை அழைத்து வந்தோம். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு எது வாங்கினாலும் மந்திரித்துத்தான் ஆக வேண்டும். அவர் தீர்த்தக் கிண்ணத்தோடு படகின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மொபெட்டுக்கு மந்திரிச்சிருக்கேன், போர் செட்டுக்கு மந்திரிச்சிருக்கேன், போன மாசம் ஒரு ஃபிரிட்ஜுக்கும் ஆச்சு. இதுக்கு எது முன்பக்கம்னு மட்டும் காட்டிடு.”

காட்டினேன். தெளித்தார். “கடல்ல என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்.

“சும்மா சுத்தப் போறோம் சாமி,” என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து ‘சும்மா’ என்ற வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாக அதற்குமுன் நான் கேட்டதில்லை.

மல்லிப்பட்டினத்தில் தண்ணீரில் இறக்கினோம். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். “தஞ்சாவூர்க்காரங்க வந்துருக்காங்கப்பா, கடல்ல நாத்து விடப் போறாங்களாம்,” என்று ஒருவர் அறிவித்தார். என் மனைவி சேலைக்கு மேல் என் பழைய பட்டறைச் சட்டையைப் போட்டு, நடவுக்கு இறங்குகிறவள் மாதிரி கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். திரும்பிப் பார்த்து, “நாத்து மட்டும் இல்லண்ணே, களையும் எடுப்போம், தள்ளி நில்லுங்க,” என்றாள். கரை முழுக்கச் சிரித்தது. பத்துப் பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள்.

பாய் ஏறிய முதல் நிமிஷத்தை எப்படிச் சொல்ல? வாடைக்காற்று தட்டென்று துணியில் விழுந்தது. படகு ஒருக்களித்துச் சாய்ந்தது. “கவுருது! கவுருது! மாதாவே! என்னங்க, கவுருது!” என்று அவள் மரத்தைக் கட்டிக்கொண்டு கத்தினாள். “கவுராதும்மா, சாயும், அவ்வளவுதான்,” என்று நான் கத்தினேன். படகு சீறிக்கொண்டு ஓடியது. தண்ணீர் எங்கள் முகத்தில் அடித்தது. ஐந்து நிமிஷம் கழித்து நான் பாயைத் தளர்த்தியதும் படகு நிமிர்ந்து சாதுவாயிற்று. அவள் மரத்தை விட்டுவிட்டு என்னை முறைத்தாள். “ஏன் நிறுத்தினீங்க? மறுபடி சாய்ங்க!”

அப்புறம் மூன்று மாதம். தையும் மாசியும் பங்குனியும். இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த சமயம் அது, இல்லாவிட்டால் அந்தக் கடலில் எங்களை விட்டிருக்க மாட்டார்கள். சேதுபாவாசத்திரம், கட்டுமாவடி, மணமேல்குடி என்று கரையை ஒட்டியே தெற்கே போவோம், திரும்புவோம், மறுபடி போவோம். மனோரா கோபுரம் எங்களுக்கு வீட்டு வாசல் விளக்கு மாதிரி. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதைப் பார்த்ததும் அவள், “வந்துட்டோம்ல!” என்பாள். எங்கே வந்துவிட்டோம் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

மண் நிரப்பிய தகரத் தட்டின் மேல் ஸ்டவ்வை வைத்து அவள் சமைத்தாள். முதல் வாரம் குழம்பு பாதி எங்கள் வயிற்றிலும் பாதி படுக்கையிலும் போயிற்று. பாத்திரத்தைக் கயிறு போட்டுக் கட்டக் கற்றுக்கொண்டாள். “மாட்டைக் கட்டுறதை விட ரசத்தைக் கட்டுறது கஷ்டமா இருக்கு,” என்றாள். காற்று எந்தப் பக்கம் மாறினாலும் என்னைவிட அவளுக்கு முதலில் தெரிந்துவிடும். பட்டறையில் காற்றைக் கன்னத்தால் அறியச் சொன்னார்கள். அவள் முந்தானையால் அறிந்தாள்.

ஒருநாள் கரையில் ஒரு கான்ஸ்டபிள் எங்களை நிறுத்தினார். படகுப் பதிவுக் காகிதத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

“உள்ள என்ன இருக்கு?”

“அரிசி, புளி, மிளகாய்த்தூள், ஒரு பாய், ரெண்டு தலவாணி.”

“மீன் வலை?”

“இல்லை சார்.”

“அப்ப என்னதான் தொழில் பண்றீங்க, இந்தப் படகுல?”

நான் வார்த்தை தேடுவதற்குள் அவள் சொன்னாள்: “குடும்பம் நடத்துறோம் சார்.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். “அதுக்கு இவ்வளவு தூரம் வரணுமாம்மா?” என்றார். “நமக்குக் கரையிலேயே முடியல.” போகும்போது எங்கள் தண்ணீர்க் குடத்தை அவரே அடிகுழாயில் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குத் தொழில் என்று ஒன்று வந்து சேர்ந்ததும் அந்தக் கரையில்தான். கட்டுமரம் போய் ஃபைபர் படகுகள் வந்துகொண்டிருந்த காலம். வாங்கி விற்கிற ஆட்கள் இருந்தார்கள். உடைந்தால் ஒட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான். கட்டுமாவடியில் ஒருவர் தன் படகின் விரிசலில் தாரை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, அதை விடுங்க,” என்று நானாகப் போய் உட்கார்ந்தேன். களத்தில் மிச்சமிருந்த துணியும் பிசினும் கையில் இருந்தது. சாயங்காலம் அவர் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். “எங்கடா ஒடஞ்சிருந்துச்சு?” என்று தன் மச்சானைக் கேட்டார். அன்றைக்கு எங்களுக்கு ஒரு கூடை நண்டு. அடுத்த தடவை நாங்கள் போனபோது மூன்று படகு கவிழ்த்துப் போட்டுக் காத்திருந்தது. எங்கள் வெள்ளைப் பாய் தெரிந்ததுமே கரையில் கூப்பாடு கேட்கும்: “ஒட்டுக்காரரு வந்துட்டாரு!” ஒட்டுக்காரர்! ஷார்ஜாவில் ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு நம்பர்தான் இருந்தது.

அவ்வளவு குதூகலத்திலும் ஒரு பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை. நான் போக வேண்டும். ‘வேண்டாம்’ என்று நான் சொன்னால் அம்மாவுக்கு என்ன பதில்? ‘போகாதீங்க’ என்று அவள் சொன்னால், நாளைக்குப் பிசின் வேலை நின்றுபோனால் அந்தப் பழி அவள் தலையில் விழும். இருவருக்கும் இது தெரியும். அதனால் காற்றைப் பற்றியும் மீனைப் பற்றியும் ஓயாமல் பேசினோம்.

அம்மா விடுவாளா? வாரம் ஒருமுறை எஸ்டிடி பூத்திலிருந்து நான் கூப்பிடும்போது மூச்சு விடாமல் பிடித்துக்கொள்வாள். “உம் புள்ளை எங்கன்னு யாரும் கேட்டா, ஷார்ஜான்னு ஒரு வார்த்தையில முடிச்சுருவேன். இப்ப என்னத்தச் சொல்லச் சொல்ற? மணமேல்குடிக்குக் கிழக்க எங்கயோ மிதக்கறான்னா? டிக்கெட் போட்டியா இல்லியா?”

போட்டேன். சித்திரை பிறந்த மறுவாரம்.

கடைசி நாள் சாயங்காலம் அதிராம்பட்டினம் கரைக்கு நெருக்கமாகப் படகைக் கொண்டுபோனோம். மறுநாள் ஒன்பதரை மணி பஸ். “கிட்டக்கவே நிறுத்திடலாம். காலையில அலையாம எறங்கிப் போயிடலாம்ல,” என்றாள். மூங்கில் கழியை விட்டு ஆழம் பார்த்தாள். மூன்றடிக்கு மேல் இருந்தது. எங்கள் படகுக்கு, தண்ணீருக்குள் தொங்குகிற அடிப்பலகையைத் தூக்கிவிட்டால் ஒன்றரை அடி போதும். “வாய்க்கா ஃபுல்லா ஓடுது,” என்றாள். நான் நங்கூரத்தைப் போட்டேன்.

வயல்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு அது. எங்களுக்குத் தண்ணீர் என்றால் மடை திறந்தால் வரும், மடை அடைத்தால் நிற்கும். நின்ற தண்ணீரை யாராவது வெட்டிவிட்டால்தான் குறையும். அந்தக் கடற்கரையோ தாம்பாளம் மாதிரி தட்டை. நாலு நாளாக அடித்த தெற்குக் காற்று, சோளகம் என்பார்கள், தண்ணீரைக் கரைப்பக்கம் ஒதுக்கி வைத்திருந்தது. ராத்திரி காற்று விழுந்தது. தண்ணீர் வந்த வழியே போய்விட்டது. விடியற்காலை நான் புரண்டு படுத்தபோது படுக்கையே சரிந்திருந்தது. எழுந்து பார்த்தால் சுற்றிலும் சேறு. படகு எருமை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

“எவனோ மதகை எறக்கிட்டான்,” என்றாள் அவள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

கரைக்குக் கால் மைல் இருக்கும். முழங்காலுக்கு மேல் சேறு. கடல் பக்கம் நூறு நூற்றைம்பது அடியில் தண்ணீர் பளபளத்தது. அது திரும்பி வருமா, எப்போது வரும், எவருக்குத் தெரியும்?

அவள்தான் முடிவெடுத்தாள். பையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். “நடவு வயல்ல நடக்காத காலா? நடங்க. பஸ்ஸைப் புடிங்க. படகை நான் பாத்துக்கறேன். தண்ணி வந்தா மெதக்கும், வராட்டி உக்காந்திருக்கும். எங்க ஓடிப் போகப் போகுது?”

இறங்கினேன். விரலைக் கூட்டி, குதிகாலை முதலில் எடுத்து, நடவு வயலில் நடக்கிற நடை. பத்தடி, இருபதடி, ஐம்பதடி. நின்று திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஏர்போர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நான் மறைகிற வரை கையசைப்பாளே, அதை எதிர்பார்த்துத்தான் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. படகிலிருந்து இறங்க ஏற நாங்கள் வைத்திருந்தது, வயலில் பரம்படித்துச் சேற்றைச் சமப்படுத்துகிற பலகை. அதைச் சேற்றில் போட்டு, அதன் மேல் நங்கூரத்தை ஏற்றி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கடல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். தனியாக. தண்ணீர் திரும்பும்போது படகு இன்னும் கரைப்பக்கம் ஒதுங்கிவிடாமல் ஆழத்தில் நங்கூரத்தைப் புதைத்து, கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்துக்கொள்ள வேண்டும். நான் அதை அவளுக்குச் சொன்னதே இல்லை. பலகை சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது, நாற்றுக்கட்டு போகிற மாதிரி. கையசைக்க அவளுக்கு நேரம் இல்லை.

பஸ்ஸுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறதே, கொஞ்சம் கை கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையைப் படகில் வீசிவிட்டு, சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன்.

“என்ன, பாஸ்போர்ட்ட விட்டுட்டீங்களா?” என்றாள் மூச்சிரைக்க.

“நங்கூரம் ஒத்தை ஆளு இழுக்கற சாமானா?”

“இவ்வளவு தூரம் யாரு இழுத்துட்டு வந்தாங்களாம்? தள்ளுங்க, பின்னால நின்னு தள்ளுங்க!”

தள்ளினேன். தொடை வரை, இடுப்பு வரை சேறு. அவள் மூக்கு நுனியில் சேறு, காதில் சேறு. தண்ணீர் விளிம்பைத் தாண்டிப் போய் நங்கூரத்தை அழுத்திப் புதைத்தோம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு படகுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்தோம். மேட்டூர் திறந்த செய்தி கேட்டு, கடைமடை வாய்க்காலில் உட்கார்ந்து பார்ப்பார்களே, அப்படி.

எட்டரைக்கு அவள் முந்தானை அசைந்தது. “வருது!” என்றாள். “எங்க?” என்றேன். “சோளகம்! பாருங்க, பாருங்க!” தூரத்தில் தண்ணீரின் மேல் கறுப்பாக ஒரு கோடு. கோடு பட்டையாயிற்று. சேற்றின் மேல் தண்ணீர் நாக்கு நாக்காக நீண்டு வந்தது. நண்டு ஓடியது. படகின் அடியில் களக் களக் என்றது. “இழுங்க!” “இழு!” கயிறு விறைத்தது. படகு முனகியது. ஒரு சாண் நகர்ந்தது. “ஐலசா போடுங்க!” என்றாள். “நீ போடு!” என்றேன். இருவரும் போட்டோம், ஆளுக்கொரு தாளத்தில். மறுபடி ஒரு முழம். பிறகு ஒரு கணம் அந்த எருமை எழுந்து நின்றது. மிதந்தது! அவள் என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது.

நங்கூரம் இருந்த இடம் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து, அதைப் பிடுங்கி மேலே போட்டோம். பாய் ஏற்றும்வரை படகு காற்றில் கரைக்கு ஒதுங்காமல் இருக்க நான் கீழே குதித்து மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் பாயை ஏற்றினாள். அது தலைக்கு மேல் படபடவென்று அடித்துக்கொண்டது. மணி ஒன்பது. காற்றோடு விட்டால் பத்து நிமிஷத்தில் கரை. பஸ் கிடைக்கும். அப்போதுதான் அவள் கேட்டாள், கரைக்கா கிழக்கா என்று.

கேள்வியை என்னிடம் விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தாள். அவள் கன்னத்துச் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ‘போகாதீங்க’ என்று இப்போதும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். நான் அம்மாவை நினைத்தேன். கட்டுமாவடியில் கவிழ்த்துப் போட்டிருக்கிற படகுகளை நினைத்தேன். பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, நெஞ்சுக்குள் அந்தப் பாய் மாதிரியே ஒன்று அடித்துக்கொண்டிருந்தது.

“நான் போகலை,” என்றேன்.

“என்னது? பாய் சத்தத்துல கேக்கல!”

“போகலைடி! ஷார்ஜா போகலை! அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். கிழக்க விடு!”

அவள் பாய்க்கயிற்றைச் சுண்டி இழுத்துக் காலில் மிதித்துக்கொண்டாள். சுக்கானை இடுப்பால் தள்ளினாள். பாய் தட்டென்று நிறைந்தது. நான் இன்னும் தண்ணீரில்தான் இருந்தேன். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. படகு பாய்ந்தது. விளிம்பைப் பிடித்திருந்த என்னையும் வாழை மட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போனது. “ஏய், நிறுத்து! நான் ஏறணும்!” என்று உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கத்தினேன். அவள் கண்ணைக் கிழக்கிலிருந்து எடுக்காமல், ஒரு கையைக் கீழே நீட்டி, என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து மேலே இழுத்தாள்.